விளக்கே இல்லாமல் ஒரு மகரந்தம்

ஒரு பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சிக்கு செவ்வரத்தம்பூவின் மகரந்தமணி ஒன்றைப் பெரிதாகக் கீறித் தரச் சொல்லி, எங்கள் ஒழுங்கையில் இருக்கிற உயிரியல் ரீச்சர் கேட்டார். நானும் பிளெண்டர் என்கிற முப்பரிமாணப் படம் செய்யும் மென்பொருளில் இரண்டு இரவு இருந்து, உருண்டை, முள்ளு, மஞ்சள் நிறம், மூன்று பக்கத்திலும் லைட், மேலே ஒரு பளபளப்பு என்று எல்லாம் போட்டு, வடிவாகத்தான் வந்திருக்கிறது என்ற நம்பிக்கையோடு கொண்டுபோய்க் காட்டினேன். ரீச்சர் கொஞ்சநேரம் பார்த்தார். "தம்பி, இது ஏ9 ரோட்டில லொறியில வச்சு விக்கிற றம்புட்டான் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார்.

சொன்னது சரி. உருவத்தில் பிழையில்லை, வெளிச்சத்தில்தான் பிழை. ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல், நடுவில் ஒரு வெள்ளைப் பளபளப்பு என்று கண்டவுடன் நம் கண் அதைக் கையில் பிடிக்கக்கூடிய ஒரு சாமானாகத்தான் எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் மேசையில் கிடக்கிற மாங்காயும் கிரிக்கெட் பந்தும் அப்படித்தான் தெரிகின்றன. நுணுக்குக்காட்டிக்குள் வெளிச்சம் அப்படி வேலை செய்வதில்லை. ஆகவே பிளெண்டரைத் திறக்கமுதல் ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: எந்த நுணுக்குக்காட்டி? பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருக்கிற ஒளி நுணுக்குக்காட்டியா, புத்தகங்களில் சாம்பல் நிறத்தில் முள்ளும் மேடுமாகப் படம் வருகிற இலத்திரன் நுணுக்குக்காட்டியா? இரண்டுக்கும் செய்முறை நேரெதிர். முதலில் இலத்திரனைப் பார்ப்போம், அதுதான் பார்க்கிறவனை நிறுத்திவைக்கிற படம், உண்மையில் செய்வதற்கும் லேசு.

அலகிடும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் லைட் என்று ஒன்றே இல்லை. இலத்திரன் கற்றை ஒன்று பொருளின் மேல் வரிவரியாக ஓடும், அது படுகிற இடத்தில் மேற்பரப்பிலிருந்து சின்னச் சக்தியுள்ள இலத்திரன்கள் தெறித்து வரும், பக்கத்தில் இருக்கிற உணரி அவற்றை எண்ணும், கூட வந்த இடம் வெள்ளை, குறைய வந்த இடம் கறுப்பு. இந்த இலத்திரன்கள் தோலுக்குக் கீழே சில நனோமீற்றர் ஆழத்திலிருந்துதான் வெளியே தப்பி வரமுடியும். கற்றை நேராக இறங்குகிற தட்டையான இடத்தில் கொஞ்சம்தான் தப்பும். சரிவான இடத்திலும் விளிம்பிலும் முள் நுனியிலும் வெளியே போக வழி கூட, அதனால் அங்கே வெள்ளையாக வெடிக்கும். குழிக்குள் விழுந்தவை அங்கேயே மாட்டிக்கொள்ளும், அது கறுப்பு. படத்தில் நிறம் கிடையாது. நாம் பார்க்கிற வண்ணப் படங்கள் எல்லாம் பிறகு ஆட்கள் பூசியவை. பொருளும் காயவைத்து, பெரும்பாலும் மேலே மெல்லிய பொன் படலம் பூசி, வெற்றிடத்துக்குள் வைக்கப்பட்டது, ஆகவே ஈரப் பளபளப்பும் வராது.

இதை ஒருக்கால் மனதில் பதித்துவிட்டால் மிச்சமெல்லாம் அதன் மொழிபெயர்ப்புத்தான். சீனில் இருக்கிற லைட் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். வேர்ல்ட், அதாவது பொருளைச் சுற்றியிருக்கிற வெளியின் நிறத்தைக் கறுப்பாக்குங்கள். வெளிச்சத்தின் வேலை முழுவதையும் இனி மெட்டீரியல்தான், அதாவது மேற்பரப்பு எப்படித் தெரியவேண்டும் என்று சொல்கிற அமைப்புத்தான், செய்யப்போகிறது.

முதலில் மொடல். நான் செவ்வரத்தையையே வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் மணி பெரிது, 0.1 மில்லிமீற்றருக்கு மேல். பூவின் நடுத்தண்டைப் பிடுங்கிக் கறுத்த துணியில் ஒருதரம் தட்டினால் மஞ்சள் தூளாக விழுகிற ஒவ்வொரு மணியும் தனித்தனியாக வெறுங்கண்ணுக்கே தெரியும். பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியின் பார்வைத்துண்டில் போன் கமராவை ஒட்டிப் பிடித்தால் முள்ளும் தெரியும். அதை ஒரு படமெடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள், கற்பனையில் கீறினால் முள்ளு எல்லாம் கூராக, ஒரே அளவாக, கந்தசஷ்டி வேல் மாதிரி வந்து நிற்கும். உண்மையில் முள்ளுக்கு முள் இடைவெளி இருக்கும், நுனி கொஞ்சம் மழுங்கியிருக்கும்.

பிளெண்டரில் ஐகோஸ்பியர் (முக்கோணங்களால் ஆன உருண்டை) ஒன்று, சப்டிவிஷன் 5, ஆரை 1. அளவை உண்மையான மைக்ரோமீற்றரில் வைக்கப் போகாதீர்கள், அவ்வளவு சின்னதில் கமராவின் பார்வையில் பொருள் வெட்டுப்படத் தொடங்கும். இதற்கு டிஸ்பிளேஸ் மொடிஃபயரை கிளவுட்ஸ் டெக்ஸ்சரோடு, பலம் 0.1 அளவில் போட்டு உருண்டையைக் கொஞ்சம் நெளியுங்கள். காய்ந்த மணி சுருங்கியிருக்கும், ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தால் இன்னும் நல்லது, ஸ்கல்ப்டில் போய் ஒரு அமுக்கு அமுக்கிவிடுங்கள். பிறகு முள்ளுகளைத் தூவ, ஜியோமெட்ரி நோட்ஸில் (நோட் என்பது ஒரு வேலையைச் செய்கிற சின்னப் பெட்டி, ஒன்றோடொன்று கொழுவலாம்) டிஸ்ட்ரிபியூட் பொயின்ட்ஸ் ஒன் ஃபேஸஸ், அதில் பொய்சன் டிஸ்க், ஆகக்குறைந்த தூரம் 0.3, டென்சிட்டி மக்ஸ் 100. அதிலிருந்து இன்ஸ்டன்ஸ் ஒன் பொயின்ட்ஸ், இன்ஸ்டன்ஸாக ஒரு கூம்பு, அடி ஆரை 0.07, மேல் ஆரை 0.015, உயரம் 0.25. டிஸ்ட்ரிபியூட்டின் ரொட்டேஷனை இன்ஸ்டன்ஸின் ரொட்டேஷனில் கொழுவினால்தான் முள் வெளிப்பக்கம் பார்த்து நிற்கும். அளவுக்கு ஒரு ரான்டம் வால்யூ, 0.8 இலிருந்து 1.15 வரை. கடைசியில் ஜொயின் ஜியோமெட்ரியில் உருண்டையையும் முள்ளையும் சேர்த்து, செட் மெட்டீரியலில் ஒரே மெட்டீரியலைக் கொடுங்கள். ஷேட் ஸ்மூத் கட்டாயம். சாதாரண மெட்டீரியலில் மன்னிக்கப்படுகிற சின்னத் தட்டைகள் எல்லாம் இந்த மெட்டீரியலில் சதுரம் சதுரமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி முக்கியமான இடம். மெட்டீரியலைக் கட்டுகிற ஷேடர் எடிட்டரில், வழக்கமாக வருகிற பிரின்சிபிள்டை அழித்துவிட்டு, தானே ஒளிர்கிற எமிஷனைப் போடுங்கள், ஸ்ட்ரெங்த் 1. லேயர் வெயிட் நோடின் ஃபேசிங் வெளியீட்டை, எண்ணை நிறமாக மாற்றுகிற கலர் ராம்ப்புக்குள் விட்டு, ராம்ப்பை எமிஷனின் நிறத்துக்குக் கொடுங்கள். ஃபேசிங் என்பது கமராவை நேராகப் பார்க்கிற இடத்தில் 0, விளிம்புக்குச் சரியச் சரிய 1 வரை கூடும், அதாவது மேலே சொன்ன இலத்திரன் கதை அப்படியே ஒரு நோடில் இருக்கிறது. ராம்ப்பில் நான் வைக்கிறது: 0 இல் 0.08 சாம்பல் (0 கறுப்பு, 1 வெள்ளை), 0.55 இல் 0.25, 0.85 இல் 0.6, 1 இல் 0.95. லேயர் வெயிட்டின் பிளெண்ட் என்கிற எண்ணை 0.5 இல் தொடங்கி, விளிம்பு வெள்ளை தடிப்பாகத் தெரிந்தால் 0.35 வரை இறக்குங்கள். இதைவிட இறக்கினால் நியோன் லைட் சுற்றின மாதிரி ஒரு மெல்லிய கோடு மட்டும் மிஞ்சும், அது இலத்திரன் படம் இல்லை, கோயில் திருவிழாச் சோடனை.

உடனே வியூ ட்ரான்ஸ்போமையும், அதாவது கணித்த நிறத்தைத் திரைக்கு மாற்றிக் காட்டுகிற அமைப்பையும், மாற்றுங்கள். பிளெண்டர் 4.0 இலிருந்து அது ஏஜிஎக்ஸில் நிற்கும், அது வெள்ளையை மெதுவாக்கி, கறுப்பைத் தூக்கி எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும். ஸ்டான்டர்டில் வைத்தால் நீங்கள் ராம்ப்பில் போட்ட சாம்பல் அப்படியே வெளியே வரும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு முழு இரவு போனது, உங்களுக்குப் போகவேண்டாம். மணியின் தோலில் சின்னச் சொரசொரப்பு வேண்டும் என்று நொய்ஸ் டெக்ஸ்சர், மேடுபள்ளம் இருப்பதுபோலக் காட்டுகிற பம்ப் நோட் எல்லாம் போட்டேன், பலத்தைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன், படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. புழுக்கத்தில் பானுக்கு முன்னால் இருந்துகொண்டு மெட்டீரியலைத் திரும்பத் திரும்ப முதலிலிருந்து கட்டினேன். விசயம் இதுதான்: எமிஷனுக்கு நோர்மல் (மேற்பரப்பு பார்க்கிற திசை) என்ற வாயிலே கிடையாது, ஆகவே பம்பைக் கொண்டுபோய்க் கொழுவ அங்கே இடமில்லை. பம்பின் வெளியீட்டை லேயர் வெயிட்டின் நோர்மலுக்குள் விடவேண்டும். அங்கே விட்டவுடன் தோல் முழுக்க மணல் தூவினது போல எழும்பி வந்தது, நானும் எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடித்தேன். நொய்ஸின் ஸ்கேல் 40, பம்பின் பலம் 0.2 போதும்.

இப்போது ரெண்டர் பண்ணி, அதாவது முடிவான படமாக எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வந்திருக்கும். மிச்சத்துக்கு இரண்டு சங்கதி தேவை. ஒன்று குழிகளின் கறுப்பு: ஆம்பியன்ட் ஒக்ளூஷன் நோடைப் போட்டு, தூரம் 0.3 அளவில் வைத்து, ராம்ப்பின் நிறத்தோடு மல்டிப்ளையில் பெருக்குங்கள், முள் அடியிலெல்லாம் இருட்டு இறங்கும், முள் உருண்டையில் ஒட்டினதாக இல்லாமல் முளைத்ததாகத் தெரியும். மற்றது உணரியின் பக்கம். உணரி ஒரு பக்கத்தில் இருப்பதால் அந்தப் பக்கத்துச் சரிவு கொஞ்சம் கூட வெளிச்சமாக இருக்கும், நிழல் விழாது, ஒரு சாய்வு மட்டும். ஜியோமெட்ரி நோடின் நோர்மலை எடுத்து, வெக்டர் மத்தில் டொட் புரொடக்டாக உணரி இருக்கிற திசையோடு பெருக்கி, மப் ரேஞ்சில் -1 இலிருந்து 1 வரை வருவதை 0.75 இலிருந்து 1.1 ஆக மாற்றி, அதையும் நிறத்தோடு பெருக்குங்கள். 0.75 ஐ 0.3 ஆக்கவேண்டும் என்று கை துடிக்கும், அடக்குங்கள். ஆக்கினால் திரும்பவும் றம்புட்டான்.

பிளெண்டரின் ரெண்டர் எஞ்சின்களில் ஒன்றான சைக்கிள்ஸில் செய்கிறீர்களென்றால் இன்னொரு நல்லது: வெளிச்சம் ஒரு இடத்தில் பட்டு இன்னொரு இடத்துக்குப் பாயவேண்டிய வேலையே இல்லாததால் படம் கெதியாகச் சுத்தமாகும். ஆம்பியன்ட் ஒக்ளூஷன் மட்டும்தான் புள்ளி போடும், அதற்கு 64 சாம்பிள் காணும். என்னுடைய லப்டொப்பில் கிராபிக்ஸ் கார்ட் இல்லை, மாரி காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்றும் தெரியாது, பற்றரி பாதியில் நிற்கிறபோதும் ஒரு ரெண்டரை முடித்துவிடலாம் என்பது எங்கள் பக்கத்தில் சின்ன விசயமில்லை.

பின்னணியைக் கறுப்பாக விட்டுவிடாதீர்கள். வெறுங்கறுப்பில் மணி மிதந்தால் அது கிரகம் மாதிரி இருக்கும். உண்மையான மாதிரி ஒட்டுத்தாளில் ஒட்டிக் கிடக்கும், ஆகவே கீழே ஒரு தளத்தை வைத்து, அதே மெட்டீரியலின் இன்னும் இருட்டான பிரதி ஒன்றைக் கொடுத்து, லேசாக நெளித்து, உடைந்த முள்ளு இரண்டு, தூசு நாலைந்து, தூரத்தில் பாதி வெட்டுப்பட்ட இன்னொரு மணி என்று போட்டுவிடுங்கள். கமராவை, தூரத்துப் பொருளும் சிறுக்காத ஓர்த்தோகிரஃபிக்கில் வையுங்கள், அல்லது 150 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட லென்ஸ். குவிய மங்கல் வேண்டாம், இலத்திரன் படத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் கூர்மையாகவே இருக்கும், அதுதான் ஒளி நுணுக்குக்காட்டியிலிருந்து அதைப் பிரித்துக்காட்டுவதும்.

ரெண்டருக்குப் பிறகு ஒரு பிக்சல் அளவு மங்கல், அதற்கு மேலே மெல்லிய நொய்ஸ். வரிசை முக்கியம், நொய்ஸைப் போட்டபிறகு மங்கலாக்கினால் அது பழைய கலண்டர்ப் படம் மாதிரிப் போய்விடும். நிறம் பூச விரும்பினால் கிரிட்டா, கிம்ப் மாதிரியான படம் திருத்தும் மென்பொருளில் சாம்பல் படத்துக்கு மேலே ஒரு லேயரைக் கலர் மோடில் வைத்து ஒன்று அல்லது இரண்டு நிறம் மட்டும் பூசுங்கள். பிளெண்டருக்குள் நிறம் கொடுத்தால் வெள்ளை விளிம்புக்கும் நிறம் ஏறி அந்தக் கை பூசிய தன்மை போய்விடும்.

அளவுகோல் கோடு போடுகிறவர்கள் கணக்குப் பார்த்துப் போடுங்கள். மணியின் விட்டம் பிளெண்டரில் 2 அலகு, அதை 150 மைக்ரோமீற்றர் என்று எடுத்தால் 50 மைக்ரோமீற்றர் என்பது 0.667 அலகு. ஓர்த்தோ ஸ்கேல் (கமராவுக்குள் அடங்குகிற அகலம்) 3, படத்தின் அகலம் 1920 பிக்சல் என்றால் ஒரு அலகுக்கு 640 பிக்சல், ஆகவே கோட்டின் நீளம் 427 பிக்சல். ஆனால் உண்மையான படங்களின் அடியில் வருகிற அந்தக் கறுத்த பட்டியில் கிலோவோல்ட், உருப்பெருக்கம் எல்லாம் எழுதி ஒட்டுவதை நான் செய்வதில்லை. பார்க்கிற பிள்ளைகள் அதை நம்பும். கீழே சின்னதாகக் "கணினி ஓவியம்" என்று எழுதினால் படத்தின் அழகு ஒன்றும் குறைந்துவிடாது.

உருண்டை முடிந்ததென்று இதே மெட்டீரியலை எல்லாவற்றுக்கும் போடலாம் என்று நினைத்தேன். அடுத்து ஆனையிறவு உப்புக்கல் ஒன்றைச் செய்யப் போனபோது அது காலை வாரியது. உப்புப் பளிங்கு சதுரக்கட்டி. சதுரக்கட்டியின் ஒவ்வொரு முகமும் ஒரே திசையைத்தான் பார்க்கிறது, ஆகவே ஒரு முகம் முழுக்க ஒரே சாம்பல், கடதாசிப் பெட்டி மாதிரி. சரி, விளிம்பை பெவல் பண்ணினால், அதாவது சீவி மழுக்கினால், வெள்ளையாகும் என்று பண்ணினால் அது முகத்தைவிடக் கறுப்பாக வருகிறது! யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும்: மூலையைப் பார்த்துக் கமரா நிற்கிறபோது பெவல் பண்ணிய விளிம்புதான் முகங்களைவிடக் கமராவை நேராகப் பார்க்கிறது, ஃபேசிங் அதற்குக் குறைந்த எண்ணைத்தான் கொடுக்கும். ஆனால் உண்மையான படத்தில் விளிம்பு எப்போதும் வெள்ளை, ஏனென்றால் அங்கே இரண்டு பக்கத்தாலும் இலத்திரன் தப்பலாம்.

இதற்கு சைக்கிள்ஸில் பெவல் நோட் இருக்கிறது, மொடிஃபயர் இல்லை, ஷேடருக்குள் வருகிற நோட். அதன் நோர்மலையும் ஜியோமெட்ரியின் நோர்மலையும் டொட் புரொடக்ட் எடுங்கள். நடு முகத்தில் 1 வரும், விளிம்பை நெருங்க நெருங்கக் குறையும், அதைக் கலர் ராம்ப்பில் தலைகீழாக்கினால் விளிம்பு மட்டும் வெள்ளைக் கோடாகக் கிடைக்கும், முன்னைய சாம்பலோடு அட் பண்ணிவிடுங்கள். ஆரை 0.03 போல. உட்பக்க மூலைகளையும் இது வெள்ளையாக்கும் என்பது ஒரு குறை, ஆம்பியன்ட் ஒக்ளூஷன் அதைக் கொஞ்சம் அமத்தும். முகங்களில் படிக்கட்டு மாதிரி மெல்லிய தட்டுகளும் ஒன்றிரண்டு உடைவும் போட்டால் உப்பு என்று யாரும் சொல்லாமலே விளங்கும்.

இனி ஒளி நுணுக்குக்காட்டி. இங்கே எல்லாம் தலைகீழ். வெளிச்சம் கீழிருந்து பொருளை ஊடுருவி மேலே வருகிறது, பின்னணி வெள்ளை, பொருள் என்பது அந்த வெள்ளையில் விழுகிற மறிப்பு. உயர்தரம் உயிரியல் படித்த எல்லோரும் வெங்காயத்தோலை அயடீன் விட்டுப் பார்த்திருப்பீர்கள், அதையே செய்யுங்கள். கீழே வெள்ளை எமிஷன் தளம், சுத்த வெள்ளை இல்லை, கொஞ்சம் மஞ்சள் கலந்தது. அதற்கு மேலே நீள்செங்கல் அடுக்கினது போலக் கலங்கள். கலச்சுவருக்கு ட்ரான்ஸ்பேரன்ட் ஷேடரும், அதோடு வொல்யூம் அப்சோர்ப்ஷனும். கருவுக்கு அயடீனின் மண்ணிறம்.

பொதுவாக விடுகிற பிழை ஒன்று: கலத்துக்குள் தண்ணிதானே என்று ஒளியை வளைக்கிற ரிஃப்ராக்ஷன் ஷேடரில் ஐஓஆரை (ஒளிமுறிவுச் சுட்டி) 1.33 ஆக வைப்பது. வைத்தால் கண்ணாடிப் போளைகள் வரும். கலத்துக்கு வெளியிலும் தண்ணிதான் இருக்கிறது, பிளெண்டரோ வெளியே காற்று என்று நினைத்துக்கொள்கிறது, ஆகவே இரண்டுக்கும் இடைப்பட்ட வித்தியாசத்தை மட்டும் கொடுக்கவேண்டும், 1.02 இலிருந்து 1.05 வரை. அதில்தான் அந்த மெல்லிய, தண்ணிக்குள் தண்ணி கிடக்கிற கோடு வரும்.

இங்கே குவிய மங்கல் கட்டாயம், அதுவும் நிறைய. பிளெண்டரின் கணக்கில் ஒரு அலகு ஒரு மீற்றர், பொருள் இரண்டு மீற்றர் அகலத்தில் இருப்பதால் எஃப் ஸ்டொப் (லென்ஸ் திறப்பின் எண், குறையக் குறைய மங்கல் கூடும்) 2.8 எல்லாம் ஒன்றும் செய்யாது, 0.1 இலும் கீழே இறக்கவேண்டிவரும், ஒரு அடுக்கு மட்டும் கூராகவும் மற்றதெல்லாம் கரைந்தும் வரும்வரை இறக்குங்கள். பிறகு, ரெண்டர் ஆன படத்தைத் திருத்துகிற கொம்போசிட்டரில் லென்ஸ் டிஸ்டோஷனின் டிஸ்பேர்ஷன் 0.01, விளிம்பில் மிக லேசான நிறப் பிரிவு வரும். வட்டக் கறுப்புச் சட்டம் போடுவது உங்கள் விருப்பம், எனக்கு அது கொஞ்சம் சினிமாத்தனமாகத் தெரியும். மங்கலான தூசு ஒன்றைக் கட்டாயம் விடுங்கள், வழுக்கி (ஸ்லைட்) துடைக்காத ஆய்வுகூடத்தில் படித்தவர்களுக்கு அது உடனே பிடிபடும். இரணைமடுக் குளத்துத் தண்ணியில் எடுத்த பாசித் துணிக்கை மாதிரி இருட்டுப் பின்னணியில் மின்னுகிற படம் வேண்டுமென்றால் வெள்ளைத் தளத்தை எடுத்துவிட்டு, கமராவுக்குத் தெரியாதபடி பொருளுக்குக் கீழே சுற்றிவர ஒரு எமிஷன் வளையத்தை வைத்துச் சரிவாக அடியுங்கள், வளையத்தின் நேர்வெளிச்சம் கமராவுக்குள் வராமல் பொருளில் பட்டுத் தெறித்தது மட்டும் வரும்.

கடைசியாக அச்சு. ரீச்சர் இரண்டாவது படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் யூஎஸ்பியை வாங்கிக்கொண்டார், அதுவே எனக்குக் காணும். ஆனால் கடையில் அதைப் பெரிய பனராக அடித்தபோது கீழ்ச் சாம்பல் எல்லாம் ஒரேயடியாகக் கறுத்து, முள்ளுக்கு நடுவில் இருந்த தோலே தெரியவில்லை. திரையில் 0.08 என்று இருப்பது பனர்த்துணியில் மை. அச்சுக்குப் போகிற படமென்றால் ராம்ப்பின் அடிச் சாம்பலை 0.15 வரை ஏற்றி, நொய்ஸை இரண்டு மடங்கு பெரிதாக்கி, முதலில் முள்ளும் தோலும் சேர்ந்து வருகிற ஒரு துண்டை மட்டும் ஏ4 தாளில் அடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்துக்குக் காசு கட்டுங்கள்.